வெருளி நெல் தின்னாது

கேள்வி: நிறைவேற்று அதிகாரத்தை எடுத்துவிட்டால் ஜனாதிபதி வயலில் நிற்கிற வெருளி மாதிரி ஆகிவிடமாட்டாரா? (வாசகர் ஒருவர், மாங்குளம்)

பதில்: வெருளியைக் குறைத்துப் பேசாதீர்கள். முத்தையன்கட்டு வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவன் நான். ஒரு பழைய சேர்ட், கவிழ்த்த சட்டி, அதில் சுண்ணாம்பால் இரண்டு கண். வெட்டு முடியும்வரை வெயிலிலும் பனியிலும் நிற்கும். ஒரு மணி நெல்லைத் தொடாது. கிளி பயப்படும். மயில் இப்போது அதன் தோளிலேயே ஏறி இருக்கிறது. பன்றிக்கும் யானைக்கும் வேலிதான் போட வேண்டும், வெருளி என்ன செய்யும்?

சரி, ஜனாதிபதிக்கு வருவோம். அதிகாரமில்லாத ஜனாதிபதி இலங்கையில் இருந்தவர்தான்: வில்லியம் கோபல்லாவ, 1972 முதல் 1978 வரை. தமிழருக்கு அப்போது என்ன கிடைத்தது? பழைய சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆவது பிரிவுக் காப்பும் 1972 அரசியலமைப்போடு போய்விட்டது. ஆகவே வெருளியை நட்டால் போதாது. வயலுக்கு வரம்பு வேண்டும்.

2018 நவம்பரில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். நாலரை வருடம் முடியாமல் அவராகக் கலைக்க முடியாது என்று அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் சொன்னது. டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில் அந்தக் கலைப்பு பிழை என்றார்கள். அது வரம்பு. 2020இல் 20ஆவது திருத்தம் நாலரையை இரண்டரையாக வெட்டியது. 2022இல் வந்த 21ஆவதும் அதை அப்படியே விட்டுவிட்டது. இதை எத்தனையோ தடவை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

போன கிழமை ஓர் அம்மா காணி பெர்மிட்டைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, ரேப் ஒட்டியிருந்தது. காணியை உரித்தாக்கும் அளிப்புப் பத்திரம் எப்போது வரும் என்று கேட்டார். அதற்கு ஜனாதிபதியின் கையெழுத்து வேண்டும். மாகாண சபையின் ஆலோசனையோடுதான் ஜனாதிபதி அரச காணியைக் கொடுக்க வேண்டும் என்று மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்தில் இருக்கிறது. வட மாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்தது. அப்புறம் வருடக்கணக்காகத் தேர்தல் இல்லை; ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநர்தான். ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்ல இங்கே யார் இருந்தார்கள்?

அதுசரி, மாங்குளத்தில் உங்கள் காணிக்குக் கையில் இருப்பது பெர்மிட்டா, அளிப்பா? எழுதுங்கள்.