கியர்பாக்ஸ் கடைசி அரை இஞ்ச் உள்ளே போகலையா? போல்ட் போட்டு இழுக்காதீங்க

கோத்தகிரி நண்பருக்கு,

பொலிரோவில் கிளட்ச் பிளேட் மாத்தினதும் கியர்பாக்ஸ் அரை இஞ்ச் வெளியே நிக்குது, பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸை இன்ஜினோட சேர்க்கிற மணி மாதிரி மூடி) போல்ட்டை முறுக்கி இழுத்துடலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெய்து வேண்டாம். ஹவுசிங்ல போல்ட் மாட்டுற காது உடையும், இல்லேன்னா பிளேட்டோட நடு ஹப் வளையும். வளைஞ்ச பிளேட் பெடலை மிதிச்சாலும் முழுசா விடாது. ரிவர்ஸ் போடும்போது கறகறன்னு சத்தம் வரும்.

அரை இஞ்ச்ல நிக்குதுன்னா, பெரும்பாலும் கியர்பாக்ஸ் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற ஷாஃப்டோட பல் பிளேட்டுக்குள்ள போயிடுச்சு, முனை மட்டும் பைலட் பேரிங்ல (இன்ஜின் பக்கம் அந்த முனையைத் தாங்குற சின்ன பேரிங்) ஏறலைன்னு அர்த்தம். பிளேட் நடுவுல இல்லை. கியர்பாக்ஸை இறக்குங்க. பிளேட் தொங்காம லேசா நகர்ற அளவுக்கு பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற மூடி) போல்ட்டைத் தளர்த்தி, சென்டரிங் டூலை (பிளேட்டை நடுவுல நிறுத்துற கம்பி) பைலட் பேரிங் வரைக்கும் விடுங்க. எதிரெதிர் போல்ட்டா, தடவைக்கு அரைச் சுத்து முறுக்குங்க. டூல் தடையில்லாம வழுக்கி வெளியே வரணும்.

பின் மவுண்ட் கியர்பாக்ஸ்லதான் இருக்கு. அதனால அதை இறக்கினதும் இன்ஜின் பின்பக்கம் சாயும். முன்னாடியே சம்ப்புக்கு (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) அடியில பலகை வச்சு ஜாக்கி கொடுங்க. நம்ம ஊர் சரிவுல நாலு சக்கரத்துக்கும் கட்டை அவசியம்.

ஏத்தும்போது டாப் கியர்ல போட்டு, ஷாஃப்ட் பல் பிளேட்டோட பொருந்துற மாதிரி பின் ஃபிளாஞ்சை (கியர்பாக்ஸ் பின்னாடி இருக்கிற வட்டத் தட்டு) கையால மெல்லத் திருப்புங்க. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இடைவெளி மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்கணும். டோவல் பின்ல (இடம் தப்பாம நிறுத்துற குச்சி) உக்காந்த பிறகுதான் போல்ட். அதுவரை கியர்பாக்ஸ் எடை ஷாஃப்ட்ல தொங்கவே கூடாது.

ஷாஃப்ட் பல்லுல கிரீஸ் துடைச்ச மாதிரி மெல்லிசா போதும். அதிகமானா பிளேட்ல தெறிச்சு, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது கிளட்ச் வழுக்கும்.