இலைச்சுருட்டல் தாங்கும் தக்காளி விதை: டி.என்.ஏ. பரிசோதனை உதவுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு ஏக்கர் தக்காளி. 'இலைச்சுருட்டல் வைரஸ் தாங்கும் வீரிய ஒட்டு' என்று சொல்லித்தான் விதை கொடுத்தார்கள். பத்துக்கு மூன்று செடி சுருண்டு நிற்கிறது. விதையில் கலப்பு இருந்தால் டி.என்.ஏ. பரிசோதனையில் தெரியுமா? நன்றாக இருக்கும் செடியில் விதை எடுக்கலாமா?

பதில்: கலப்பு தெரியும். ஆனால் முதலில் வயலில் பாருங்கள். நுனி இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி மேல்நோக்கிச் சுருண்டு, செடியும் குட்டையாகி இருந்தால் வைரஸ். அடியிலைகள் மட்டும் தடித்து உருண்டு, செடி வழக்கம்போல வளர்ந்தால் அது வெயிலின் வேலை.

வீரிய ஒட்டு விதைக்குத் தாய்ச்செடியின் மொட்டைப் பிரித்து, மகரந்தப்பைகளை நீக்கிவிட்டு, ஆண் ரகத்தின் மகரந்தத்தைக் கையால் தடவுகிறார்கள். நீக்காமல் விட்ட மொட்டில் தாய் தன்மகரந்தத்திலேயே காய்த்துவிடும். அந்த விதையும் பாக்கெட்டுக்குள் போய்விடும். இரு பெற்றோரையும் பிரித்துக் காட்டும் மார்க்கரை, அதாவது டி.என்.ஏ. அடையாளத்தை, வைத்து இலையைச் சோதித்தால், உண்மையான ஒட்டில் இருவரின் டி.என்.ஏ. கோடுகளும் தெரியும். தன்மகரந்தச் செடியில் தாயின் கோடு மட்டுமே. சிக்கல் என்னவென்றால், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பெற்றோர் ரகங்கள் கம்பெனியின் கையில்தான் இருக்கின்றன. அதனால் பில், லாட் எண் உள்ள பாக்கெட், மீந்த விதை எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, பயிர் நிற்கும்போதே விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லியிருக்கிறது.

சுருண்ட செடியின் காய் மற்றவை போலவே இருந்தால் எனக்குக் கலப்பைவிட வைரஸ் வகைமீதுதான் சந்தேகம். காட்டுத் தக்காளிகளிலிருந்து வந்த எதிர்ப்பு மரபணுக்களில் டி.ஒய்-2 என்பது பெங்களூரு வகை வைரஸைத் தாங்கும். நியூடெல்லி வகையிடம் பெரும்பாலும் எடுபடாது. டி.ஒய்-3 இன்னும் பரவலாகக் காக்கும். 'தாங்கும்' என்று மட்டும் அச்சிட்டால் எது இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அடுத்த முறை கேட்டு வாங்குங்கள். மரபணு இருந்தாலும் நாற்றிலேயே வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ ஏறிவிட்டால் பாதிப்பு வரலாம். நாற்றங்காலுக்கு 50 மெஷ் நைலான் வலை போடுங்கள்.

விதை எடுக்க வேண்டாம். எதிர்ப்பு மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால், அடுத்த தலைமுறையில் கால்வாசிச் செடிகளில் அது இருக்காது; காயும் ஒரே சீராக வராது. ரகம் உருவாக்குபவர்கள் அந்தக் கால்வாசியை நாற்றுப் பருவத்திலேயே மார்க்கரால் கண்டுபிடித்துக் கழித்துவிடுகிறார்கள். உங்களுக்கோ அது நட்டு, உரம் போட்டு, மருந்தடித்த பிறகுதான் தெரியவரும்.