மிளகும் மிளகாயும் தெரிஞ்சுதான் எழுதினாங்க

கேள்வி: போன இதழ்ல, முதல் உலகப்போருக்கு பிரான்ஸ் போன இந்திய சிப்பாய்ங்க கடிதங்கள பத்தி நாலு பக்கம் போட்டிருந்தீங்க. அவங்கள்ல நெறைய பேருக்கு எழுதப்படிக்கவே தெரியாது, வேற யாரோ எழுதிக்குடுத்தது, அதையும் வெள்ளைக்காரன் சென்சார் பண்ணி இங்கிலீஷ்ல மாத்தி வச்சது. இதுல சிப்பாயோட சொந்தக் குரல் எங்க இருக்கு? சம்பளத்துக்காக எவனோ போட்ட சண்டைக்கு போனவங்கதானே? எங்க தாத்தாவும் ரெண்டாவது உலகப்போர்ல மிலிட்டரிலதான் இருந்தார், அவர் லெட்டர் ஏழெட்டு வீட்ல கெடக்கு, 'நலம், நலமறிய அவா'வ தவிர ஒண்ணுமே இல்ல.
- வாசகர், தூத்துக்குடி

பதில்: நீங்க சொன்ன தகவல் எல்லாம் சரி, அதுலேர்ந்து எடுத்த முடிவுதான் தப்பு. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், இதே தொனில இந்த மாசம் வந்த மூணாவது கேள்வி உங்களோடது.

மொதல்ல எழுத்து விஷயம். 1911 சென்சஸ்ல இந்தியா முழுக்க எழுதப்படிக்க தெரிஞ்சவங்க நூத்துக்கு ஆறு பேர் கூட இல்ல, பொம்பளைங்கள்ல நூத்துக்கு ஒருத்தர். அதனால சிப்பாய் சொல்லச்சொல்ல கூட இருக்குற எழுத்து தெரிஞ்சவர் எழுதுவார், அந்தப்பக்கம் ஊர்ல தெரிஞ்சவங்க யாராவது படிச்சு காட்டணும், சுத்தி வீட்டு ஆளுங்களும் அக்கம்பக்கமும் உக்காந்து கேப்பாங்க. இதனால குரல் போயிடுதா? நான் ஒன்பதாவது படிக்கும்போது எதிர்வீட்டு அம்மாவோட மகன் பட்டாளத்துல இருந்தான், மாசம் ரெண்டு இன்லேண்ட் லெட்டர் நான்தான் எழுதுவேன், அட்ரஸ்ல 56 ஏபிஓன்னு (பட்டாளத்து தபால் ஆபீஸ்) எழுதுறது அப்ப எனக்கு பெரிய பெருமை. அந்தம்மா சொல்லும்போதே கண்ணு நெறஞ்சிரும், உடனே "தம்பி, அம்மா அழுதான்னு மட்டும் எழுதிராத, பசு கன்னு போட்டுருக்குன்னு எழுது"ம்பாங்க. கையெழுத்து என்னோடது, ஆனா எத சொல்லணும் எத மறைக்கணும்னு முடிவு பண்ணது முழுக்க அவங்க. அந்த லெட்டர்ல என் குரல் எங்கயும் கெடையாது.

சென்சாருக்கு வரேன். ஜெர்மனியோட எம்டன் கப்பல் மெட்ராஸ்ல குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22 ராத்திரி, அதே வாரம் 26ஆம் தேதி பிரான்ஸ்ல மார்சேய் துறைமுகத்துல மொத இந்தியப் படை எறங்குது. போர் முடியறதுக்குள்ள பிரான்ஸ் மண்ணுக்கு போன இந்தியர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல, பஞ்சாப், கட்வால், நேபாளம், எல்லைப்புறப் பட்டாணிகள்னு பெரும்பாலும் வடக்கத்தி ஆளுங்க. வெள்ளைக்கார ஆட்சிய எதிர்த்து அமெரிக்காவுல கெளம்பின கதர் கட்சி (நூக்குற கதர் இல்ல, அந்த வார்த்தைக்கு கிளர்ச்சின்னு அர்த்தம்) நோட்டீஸ் தபால்ல சிப்பாய்ங்க கைக்கு போயிடுமோங்கிற பயத்துலதான் சென்சார் ஆபீஸே தொடங்குறாங்க. பட்டாளத்துலயே ஒரு அதிகாரி படிப்பார், அப்புறம் பிரான்ஸ்ல பூலோன் ஊர்ல இருந்த ஆபீஸ்ல இன்னொரு தடவை பிரிப்பாங்க, தலைமை ஈவ்லின் ஹோவெல்னு ஒரு ஐசிஎஸ் அதிகாரி. வாரத்துக்கு பத்தாயிரத்துக்கு மேல கடிதம் போன காலம் அது, எல்லாத்தையும் படிக்க முடியாது, கையில எடுத்தத படிச்சு, முக்கியம்னு பட்டத இங்கிலீஷ்ல மாத்தி வாராவாரம் ரிப்போர்ட்டோட அனுப்புவாங்க. அந்த ரிப்போர்ட்டுங்கதான் இன்னைக்கு லண்டன்ல பிரிட்டிஷ் நூலகத்துல இருக்கு. மூலக் கடிதம் பெரும்பாலும் ஊர் போய் சேந்து, கூரையில சொருகி, செல்லரிச்சு, போச்சு. வேவு பாக்க எடுத்த நகல்தான் நமக்கு மிச்சம், அது கசப்பான உண்மை, நானும் ஒத்துக்குறேன்.

ஆனா நீங்க ஒண்ண விட்டுட்டீங்க. யாரோ படிக்குறான்னு சிப்பாய்க்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் எழுதினான். ஒரு கடிதத்துல கறுப்பு மிளகு நல்ல காரம், செவப்புக்கு அவ்வளவு காரம் இல்லன்னு வருது. அவங்க பாஷைல மிளகும் 'மிர்ச்'தான், மிளகாயும் 'மிர்ச்'தான், முன்னால கறுப்பு செவப்புன்னு சேத்துக்குவாங்க, அவ்வளவுதான். இங்க கறுப்புன்னா இந்தியச் சிப்பாய், செவப்புன்னா வெள்ளைக்கார சிப்பாய். இன்னொருத்தர் இந்தியாவுலேர்ந்து வந்த கறுப்பு மிளகு தீந்துபோச்சுன்னு எழுதுறார், அதாவது வந்த ஆளுங்க செத்து முடிஞ்சாச்சு, அடுத்த கூட்டத்த கூப்புடப்போறாங்க. இதப் படிக்குற பஞ்சாப் கிராமத்து அப்பனுக்கு வேற என்ன சொல்லணும்? நேரடியா சொல்ல முடியாதத சொல்லிட்டு, கடைசில 'யோசிச்சுப் பாத்து புரிஞ்சுக்கோ'ன்னு ஒரு வரி சேத்துருவாங்களாம். இதெல்லாம் ஹோவெலே கவனிச்சு ரிப்போர்ட்ல எழுதிவச்சது, எதையும் பட்டுனு சொல்லாம சேதிய கடத்துறதுல இவங்க கெட்டிக்காரங்க, இறுக்கமா சென்சார் பண்றது நடக்காத காரியம்னு. படிக்குறவன் தோத்துட்டேன்னு எழுதி வச்சிருக்கான், நீங்க நூறு வருஷம் கழிச்சு அவன் ஜெயிச்சுட்டான்கிறீங்க.

மறைவு இல்லாம நேராவே கத்தின கடிதமும் உண்டு. 1915 மார்ச்ல பிரான்ஸ்ல நவ் ஷப்பேல்ங்கிற ஊர்ல சண்டை, மூணே நாள்ல இந்தியப் படைல நாலாயிரம் பேருக்கு மேல செத்தும் காயம்பட்டும் போனாங்க. மரத்துலேர்ந்து எல உதிருற மாதிரி ஆளு விழுறான், தரையில காலி எடமே இல்லன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். இங்கிலாந்துல பிரைட்டன் அரண்மனைய ஆஸ்பத்திரியா மாத்தி, சாதி மதம் பாத்து தனித்தனி சமையல் எல்லாம் வச்சிருந்தாங்க, போட்டோவுக்கு ரொம்ப அழகு, ஆனா அங்க படுத்திருந்தவன் மனசுல இருந்தது ஒரே கேள்வி, காயம் ஆறினதும் ஊருக்கா இல்ல திரும்ப சண்டைக்கா. திரும்ப சண்டைக்குத்தான் அனுப்பினாங்க. ஏற்கனவே வறுத்த தானியத்த ரெண்டாவது தடவை அடுப்புல கொட்டுற மாதிரி, அதுல உசுரு எங்கேர்ந்து வரும்னு எழுதினான் ஒருத்தன். இத எழுதிக்குடுத்தவர் யாரா வேணா இருக்கட்டும், அந்த அடுப்ப வீட்ல பாத்தவன்தான் இத சொல்ல முடியும். தம்பிய பட்டாளத்துல சேக்காதீங்கன்னு எழுதினாங்க. சேராங்கொட்டை பத்தி பேசுற கடிதம் கூட மாட்டியிருக்கு, நம்ம ஊர்ல வண்ணார் துணில குறி போடுவாங்களே அதேதான், அந்தப் பால் பட்டா ஒடம்பு வீங்கிடும், அத காட்டி ஊருக்கு தப்பிக்கலாமான்னு ஏக்கம்.

சம்பளத்துக்கு போனவங்கன்னு சொன்னது எனக்கு உண்மையிலேயே வலிச்சுது. சிப்பாய் சம்பளம் அப்ப மாசம் 11 ரூபா. கடிதம் பூரா நெலம், கடன், எருமை, கோர்ட் கேஸ், தங்கச்சி கல்யாணம்னுதான் இருக்கும், அவன் எதுக்கு போனான்னு அதுலயே தெரியுதே, அதுல என்ன குத்தம்? ராஜவிசுவாசம் பேசுற கடிதமும் நெறைய இருக்கு, அத நான் மறைக்கல, சில பேர் மனசாரவே நம்பினாங்க, சில பேர் பிரிச்சு படிக்குற அதிகாரிக்காக எழுதினாங்க, எது எதுன்னு பிரிக்குறது கஷ்டம். ஆனா அதே ஆளுங்க பிரான்ஸ்ல தங்கின வீட்டுக் கெழவி பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிட்டத எழுதுறாங்க, இங்க பொம்பளைங்க எல்லாரும் படிச்சிருக்காங்க, நம்ம வீட்டுப் பொண்ணையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கன்னு எழுதுறாங்க. எழுத்து தெரியாததால இன்னொருத்தன் கைய எதிர்பாத்து நின்ன ஒருத்தன் இத சொல்றான்னு யோசிச்சுப் பாருங்க.

நடுவுல ஆளே இல்லாத குரல்தான் வேணும்னா அதுவும் இருக்கு. ஜெர்மனிக்காரன் புடிச்ச இந்திய கைதிங்கள பெர்லின் பக்கத்துல வூன்ஸ்டோர்ஃப் முகாம்ல வச்சிருந்தான், பாஷை ஆராய்ச்சிக்குன்னு அவங்க பேச்ச இசைத்தட்டுல பதிஞ்சான். 1916 டிசம்பர் 11ஆம் தேதி மல் சிங்னு ஒரு பஞ்சாபி பேசுறார். ஒரு மனுஷன் இருந்தான், ஹிந்துஸ்தான்ல வெண்ணெய் சாப்ட்டான், பால் குடிச்சான், சண்டைக்கு வந்தான், ஜெர்மனிக்காரன் புடிச்சுக்கிட்டான், இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே வச்சிருந்தா செத்துருவான். 'நான்'னு சொல்லல. கூட எழுதுற ஆள் கூட இல்ல, அப்பவும் தன்ன 'ஒரு மனுஷன்'னுதான் சொல்றார். இத நீங்க பொய்ங்கப்போறீங்களா?

என் வருத்தம் வேற. வீட்லேர்ந்து போன கடிதங்கள்தான் கொஞ்சமா இருக்கு, அதுலயும் பொம்பளைங்க பேர்ல வந்தது ரொம்பக் கொஞ்சம், வந்ததும் யாரோ ஒரு ஆம்பள கையெழுத்துலதான் இருந்திருக்கும், மாமனார் முன்னால உக்காந்து புருஷனுக்கு என்னத்த சொல்லியிருக்க முடியும் அந்தப் பொண்ணு. சிப்பாய் அத மடிச்சு சட்டைக்குள்ள வச்சிருப்பான். நவ் ஷப்பேல்ல 1927ல திறந்த நினைவுச்சின்னத்துல பேர் இருக்குற 4,700 பேருக்கு மேல, அவங்க ஒடம்பு எங்க கெடக்குன்னே தெரியாது, சட்டைக்குள்ள இருந்த காகிதத்த யார்கிட்ட போய் கேக்குறது.

அதனால உங்க தாத்தா லெட்டருக்கு வாங்க. ஒண்ணுமே இல்லன்னு எழுதியிருக்கீங்க, அந்த ஏழெட்டையும் எடுத்து தேதிவாரியா அடுக்குங்க. எல்லாம் ஒரே கையெழுத்தா, நடுவுல மாறுதா? சென்சார் முத்திரை இருக்கா, மையால அடிச்ச எடம் இருக்கா? எந்த லெட்டர்லேர்ந்து ஊர் பேர் எழுதுறத நிறுத்தினார், யார கேட்டு எழுதிட்டு இருந்தவர் திடீர்னு கேக்கறத விட்டுட்டார், மணியார்டர் தொகை எங்க கூடுது எங்க கொறையுது? 'நலம்'னு எழுதின அந்தத் தேதில அவர் பட்டாளம் எங்க இருந்துச்சுன்னு பாருங்க. உங்க பாட்டி போட்ட பதில் ஏதாவது தப்பிச்சிருக்கான்னு வீட்டுப் பெரியவங்கள கேளுங்க. பாத்துட்டு எனக்கு எழுதுங்க, அடுத்த இதழ்ல ரெண்டு பக்கம் உங்களுக்குன்னு வச்சிருக்கேன்.