இரண்டாவது சரணம்

அன்புள்ள அக்கா,

நத்தார் நெருங்குகிறது. இந்த முறை எங்கள் வாலிபர் குழு கரோல் நிகழ்ச்சி ஒன்று செய்கிறது. 40 நிமிடத்தில் 14 பாட்டுகள். ஒவ்வொன்றிலும் முதல் சரணத்தை மட்டும் எடுத்து, ஒன்றோடொன்று தொடுத்து மெட்லியாகப் பாடப் போகிறோம். நடுவில் மேடையில் வாசிப்பதற்கு, உங்களுக்குப் பிடித்த மூன்று நத்தார் பாட்டுகளையும் அவற்றோடு வரும் நினைவுகளையும் சுருக்கமாக எழுதித் தருவீர்களா?

இன்னொன்று. குழுவுக்குள் பெரிய வாக்குவாதம். 'பக்தரே வாரும்', 'ஒப்பில்லா திரு இரா' எல்லாம் வெள்ளைக்காரரின் பாட்டுகள், நமக்குக் கீர்த்தனையும் பைலாவும் போதும் என்கிறார்கள் பாதிப்பேர். பனி விழாத ஊரில் 'ஜிங்கிள் பெல்ஸ்' எதற்கு என்றும் கேட்கிறார்கள். என் அம்மம்மா பழைய பாட்டுகளைப் புத்தகம் பார்க்காமலே பாடுவா. ஆனால் எல்லாச் சரணத்தையும் இழுத்து இழுத்துப் பாடுவா, பிள்ளைகள் களைத்துப் போவார்கள். உங்கள் கருத்து என்ன?

ர.
உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள தம்பி,

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து இதே விசயத்தைத்தான் மனதில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது. அன்று ஒரு வருகைக்காலப் பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்ததும் பாடகர் குழுவை நடத்தியவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் பழக்கத்தில் மூன்றாவது சரணத்தைத் தொடங்கிவிட்டார். ஒரேயொரு சொல். அது தனியாக ஆலயம் முழுக்கக் கேட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துகொண்டார். பிழை செய்தவர் அவர் இல்லை, தம்பி.

முதலில் உங்கள் வாக்குவாதத்தை முடித்துவிடுகிறேன். 'ஜிங்கிள் பெல்ஸ்' 1857இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பியர்பொன்ட் என்பவர் வெளியிட்டது. குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் உல்லாசமாகப் போவதைப் பற்றிய பாட்டு. அதில் நத்தாரும் இல்லை, பாலனும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பிடித்தால் பாடட்டும். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பைலாவும் அப்படித்தான். பாலையூற்றில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீடுகளில் நத்தாருக்குப் பைலாப் பாட்டும் ஆட்டமும் இல்லாமல் இருந்ததுண்டா? ஆடுங்கள். ஆராதனை முடிந்த பிறகு ஆடுங்கள்.

வெள்ளைக்காரரின் பாட்டு என்கிறீர்கள். நீங்கள் எழுதிய 'நத்தார்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? போர்த்துக்கேயரின் 'நத்தால்'. அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள்தான் கோணேசர் கோயிலை இடித்தார்கள், அதன் கல்லைக்கொண்டு 1624இல் கோட்டை கட்டினார்கள். இது தெரிந்தும் நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் கேக் அடிக்கிறோம், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், பிள்ளைகளுக்குப் புது உடுப்புத் தைக்கிறோம். 400 வருடம் எங்கள் வாயில் கிடந்த சொல்லை இனி யாரிடம் திருப்பிக் கொடுப்பது? பாட்டும் அதேபோலத்தான். சரி, இதை விடுவோம். என்னைச் சுட்டது வேறொரு வரி. 'முதல் சரணத்தை மட்டும் எடுத்து.'

ஏன் அப்படி, தம்பி? யார் சொன்னது முதல் சரணம்தான் பாட்டு என்று?

'இராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்' உங்கள் 14இல் கட்டாயம் இருக்கும். நேஹம் டேட் என்ற அயர்லாந்துக்காரர் எழுதி 1700இல் வெளிவந்த பாட்டின் தமிழ் அது. லூக்கா எழுதிய இரண்டாம் அதிகாரத்தை அப்படியே கதையாகச் சொல்வது. முதல் சரணத்தில் என்ன நடக்கிறது? இரவு. மேய்ப்பர்கள் மந்தையைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். தூதன் இறங்குகிறான், வானத்தில் ஒளி. அவ்வளவுதான். தூதன் இன்னும் வாயே திறக்கவில்லை. இரண்டாவது சரணம் மேய்ப்பர்களின் பயத்தோடு தொடங்குகிறது, உடனே தூதன் கேட்கிறான்: 'திகில் ஏன்?' நற்செய்தி அதற்குப் பிறகுதான். நீங்கள் முதல் சரணத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவினால், அந்த மனிதர்களை நடுக்கத்தோடு வயலில் விட்டுவிட்டு வருகிறீர்கள். பிள்ளை பிறந்த சேதியே அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு எதைக் கொண்டாடுகிறீர்கள்?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1990. எனக்குப் பன்னிரண்டு வயது. ஜூன் மாதம் சண்டை மறுபடியும் தொடங்கியபோது ஊருக்கு வடக்கே இருந்த எங்கள் வீட்டை விட்டு வந்தோம். கொஞ்ச நாள் ஒரு வீட்டில், கொஞ்ச நாள் இன்னொரு வீட்டில். டிசம்பரில் டவுனுக்குள் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தோம். நான்கு குடும்பம், ஓர் அறை. நடுவில் சேலை கட்டி மறைத்திருந்தது. மாரி அந்த வருடம் விட்டுவிட்டுப் பெய்யவில்லை, ஒரேயடியாகப் பெய்தது. ஓட்டுக்கு நடுவே ஒழுகுகிற இடத்தில் கிடாரத்தை வைத்திருந்தோம். இரவு முழுக்க அது டொக் டொக் என்று சத்தம் போடும்.

ஊரடங்கு என்பதால் நள்ளிரவு ஆராதனையைப் பின்னேரம் நான்கு மணிக்கே வைத்து முடித்துவிட்டார்கள். வெளிச்சத்தில் நடந்த நத்தார் ஆராதனை எனக்கு அதுதான் முதல். திரும்பி வந்து சோறும் பருப்பும் சாப்பிட்டோம். எட்டு மணிக்கெல்லாம் லாம்பைக் குறைக்கச் சொன்னார்கள். பிறகு அணைக்கச் சொன்னார்கள். றோட்டில் சப்பாத்துச் சத்தம். நாய்கள் குரைத்தன, பிறகு அவையும் அடங்கின. அம்மா என் தம்பியின் வாயில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

அந்த இருட்டில் அம்மம்மா பாடத் தொடங்கினார். குரல் எடுத்து இல்லை, காதுக்குள் சொல்வதுபோல. 'இராக்காலம்.' நாங்களும் மெல்லச் சேர்ந்துகொண்டோம். முதல் சரணம் எல்லோருக்கும் தெரியும். அது முடிந்ததும் ஒவ்வொருவராக நின்றுவிட்டோம். பாட்டுப் புத்தகம் வீட்டில் கிடந்தது. வீடு இருந்ததோ இல்லையோ தெரியாது. அம்மம்மா மட்டும் நிற்கவில்லை. 'திகில் ஏன்?' என்று அந்த அறைக்குள் அவர் பாடியது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் மேய்ப்பர்களைக் கேட்கவில்லை. எங்களைக் கேட்டார். அம்மாவின் கை தம்பியின் வாயிலிருந்து இறங்கியது எனக்குத் தெரியும், அந்தக் கை என் தோளில் பட்டது.

நடுவில் இருமல் வந்து அம்மம்மா கொஞ்சம் நிறுத்தினார். அப்போது சேலை மறைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "பிறகு என்ன நடந்தது ஆச்சி?" சைவக் குடும்பத்து மாமி. அந்தக் கதை அவருக்கு முழுதாகத் தெரியாது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அம்மம்மா தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கி, கடைசிச் சரணம் வரை பாடி முடித்தார். கந்தையில் சுற்றி முன்னணையில் கிடத்திய பிள்ளை, தூதர்களின் பாட்டு, பூமியில் சமாதானம், எல்லாம். வெளியே மழை. நான் வாழ்க்கையில் கேட்ட நத்தார் பிரசங்கம் அது ஒன்றுதான்.

பிறகு மாமி பாடினார். சம்பந்தர் கோணமலைக்குப் பாடிய பதிகம், 'நிரைகழல் அரவம்' என்று தொடங்குவது. ஒவ்வொரு பாட்டும் 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று வந்து முடியும். ஒரு பாட்டோடு நிறுத்தவில்லை. முழுப் பதிகத்தையும் பாடினார், சம்பந்தர் தன் பெயரைச் சொல்லி முடிக்கிற கடைசிப் பாட்டு வரைக்கும். அதைப் பாடாவிட்டால் பதிகம் நிறையாது என்று விடிந்த பிறகு எனக்குச் சொன்னார். சம்பந்தர் இந்த ஊருக்கு வரவில்லை, இராமேசுவரத்துக் கரையிலிருந்துகொண்டே கோணமலையைப் பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பாட்டு என்று மாமி அதைத் தள்ளி வைக்கவில்லை. உங்கள் குழுவில் வாதாடுகிறவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்.

இப்போது 'ஒப்பில்லா திரு இரா'. ஜோசப் மோர் என்ற இளம் குருவானவர் 1816இல் எழுதிய கவிதை. நெப்போலியன் சண்டைகள் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எங்கோ இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததால் அந்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, பயிர் அழிந்தது, பசி. 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவில் ஒபர்ன்டோர்ஃப் என்ற ஆற்றங்கரை ஊரின் ஆலயத்தில், ஃபிரான்ஸ் குரூபர் என்ற ஆசிரியர் அதற்கு மெட்டுப் போட, இரண்டு பேரும் கிட்டாரோடு பாடினார்கள். மோர் எழுதியது ஆறு சரணம். உலகம் முழுக்கப் பெரும்பாலும் பாடுவது மூன்று. விட்டுப்போனவற்றில் நான்காவது சரணம் ஒன்று இருக்கிறது. இயேசு ஒரு சகோதரனைப்போல உலகத்தின் எல்லா மக்களையும் அணைத்துக்கொண்டார் என்று சொல்வது. சண்டையும் பசியும் பார்த்த ஒருவன் எழுதிய வரி. அதைத்தான் விட்டுவிட்டார்கள். எங்கள் ஊருக்கு எந்தச் சரணம் தேவையாக இருந்தது என்று நினைக்கிறீர்கள்?

கரோல் போகிறவர்களுக்குச் சரணங்களின் அருமை தெரியும். நான் சின்னவளாக இருந்தபோது பெற்றோல்மக்ஸைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போவோம். படலையடியில் நின்று முதல் சரணம் பாடும்போது வீட்டுக்குள் இருட்டாக இருக்கும். இரண்டாவதில் உள்ளே லாம்பு ஏறும். மூன்றாவதில் கதவு திறக்கும், நித்திரையால் எழுப்பிய பிள்ளையைத் தோளில் போட்டபடி வீட்டுக்காரி வருவார். நாலாவதில் குசினியிலிருந்து கேக் தட்டு. முதல் சரணத்தோடு முடித்திருந்தால் நாங்கள் பூட்டிய கதவுக்குப் பாடிவிட்டுப் போயிருப்போம்.

மூன்று பாட்டுக் கேட்டீர்கள். இரண்டைச் சொல்லிவிட்டேன். மூன்றாவது, 2004 டிசம்பர் 25 இரவு கடற்கரையோரத்து வீடு ஒன்றில் எல்லோருமாகப் பாடியது. அடுத்த நாள் காலை என்ன நடந்தது என்று திருகோணமலைப் பிள்ளையான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பாட்டின் பெயரை எழுத மாட்டேன். மேடையில் வாசிக்க இந்தக் கடிதமும் வேண்டாம்.

14 பாட்டை ஐந்தாகக் குறையுங்கள். ஐந்தையும் முழுதாகப் பாடுங்கள். 'இராக்காலம்' முழுதாகப் பாட நாலைந்து நிமிடம் போதும், உங்கள் 40 நிமிடத்தில் வேத வாசிப்புக்கும் நேரம் மிஞ்சும். திரையில் சொற்களைப் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணக் கொடுங்கள். களைத்துப் போவார்கள் என்கிறீர்கள். அவர்கள் களைப்பது நீளத்தால் இல்லை, தம்பி. அடுத்து என்ன நடக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இரண்டாவது சரணத்தை மட்டும் ஒரு சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள், தனியாக, கீபோர்ட் இல்லாமல்.

உங்கள் அம்மம்மாவைப் பற்றி 'இழுத்து இழுத்து' என்று எழுதியது எனக்கு நோகிறது. அந்த இரண்டு சொல்லில் என்னைவிட உங்களுக்கு அதிகம் தரக்கூடிய ஒருவரைக் கடந்து, முகம் தெரியாத எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அவவுக்கு எத்தனை வயது? கண் தெரிகிறதா? இன்று பின்னேரம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருங்கள். போனில் பதிவு செய்யுங்கள். நடுவில் இருமினால் காத்திருங்கள், மறந்தால் எடுத்துக்கொடுக்காதீர்கள், தானாக வரும். 'இராக்காலம்' எத்தனை சரணம் அவவுக்கு வருகிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா