மூன்றாவது பிராண்டன்பர்க்கை எப்படிக் கேட்பது?

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் மூன்றாவது பிராண்டன்பர்க் கான்செர்டோவைக் கேட்டேன். கான்செர்டோ என்றால் ஒருவர் முன்னால் நின்று வாசிப்பார் என்று நினைத்திருந்தேன், இதில் அப்படி யாரையும் காணோம். எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். நடுப்பகுதியோ சில நொடிகளில் முடிந்துவிட்டது. பதிவில் கோளாறா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பதிவு சரிதான். நடுப்பகுதிக்கு பாக் எழுதிவைத்தது அவ்வளவுதான்: அடாஜியோ (மெதுவாக) என்று ஒரு குறிப்பு, இரண்டே இரண்டு கார்டுகள், அதாவது பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் கொத்துகள். சிலர் அங்கே வயலினிலோ, பியானோவுக்கு முந்தைய விசைக் கருவியான ஹார்ப்சிகார்டிலோ மனோதர்மமாகக் கொஞ்சம் வாசிப்பார்கள், சிலர் பாக்கின் வேறொரு படைப்பிலிருந்து மெதுவான பகுதி ஒன்றையே கொண்டுவந்து செருகிவிடுவார்கள். எனக்கு இந்தச் செருகல் பிடிப்பதில்லை. அந்தக் கார்டுகள் முடியாமல் தொங்கி நிற்கும்போதே மூன்றாம் பகுதி பாய்ந்து வரவேண்டும்.

முன்னால் நிற்பவர் யாரும் இதில் இல்லை. மூன்று வயலின், மூன்று வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரல் தாழ்ந்தது), இன்னும் தாழ்ந்த குரலில் மூன்று செல்லோ, அடியில் தாங்க ஒரு வயலோனேயும் (பெரிய தந்திக் கருவி) ஹார்ப்சிகார்டும். 1721 மார்ச்சில் பிராண்டன்பர்க் பிரபு கிறிஸ்டியன் லுட்விக்குக்கு பாக் அனுப்பிய ஆறு கான்செர்டோக்களில் இது ஒன்று.

தொடக்கத்தில் வயலின்கள் மூன்றுக்கும் ஒரே வரி, வியோலாக்களும் செல்லோக்களும் அப்படியே. அப்புறம்தான் பிரிவார்கள். முதலில் வருகிற மூன்று சுரத் துணுக்கை, இரண்டு குறில் ஒரு நெடில், ‘ஸநிஸா’ என்று பாடிப் பார்க்கலாம், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி முழுக்க அதுதான் வயலினிலிருந்து வியோலாவுக்கும் அங்கிருந்து செல்லோவுக்கும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. முக்கியமாக வியோலாவைத் தேடிக் கேளுங்கள். வழக்கமாக நடுவில் இடம் நிரப்புகிற வேலைதான் அதற்குக் கிடைக்கும், இங்கே வயலின்களுக்குச் சரிசமமாக நின்று பதில் சொல்கிறது. (பாக் வியோலா வாசிப்பதையே விரும்பினார் என்று அவர் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் எழுதியிருக்கிறார்.)

பெரிய ஆர்கெஸ்ட்ரா வாசித்ததைக் கேட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அதில் வரிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். வரிக்கு ஒருவர் வாசிக்கிற பதிவாகத் தேடுங்கள், காணொளி என்றால் இன்னும் நல்லது. ஃப்ரைபர்க் பரோக் ஆர்கெஸ்ட்ரா ஜெர்மனியின் கோத்தன் அரண்மனை மண்டபத்தில் வாசித்தது ஒன்று உண்டு. இந்த ஆறையும் அனுப்பியபோது பாக் வேலை பார்த்த ஊர் அது. துணுக்கு யாரிடம் போகிறது என்பது வில்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இது பழகிய பிறகு பாக்கின் 174ஆம் கான்டாட்டாவின் (தேவாலயத்தில் பாடுகிற இசைப் படைப்பு) தொடக்கத்தைப் போடுங்கள். 1729இல் இதே முதல் பகுதியை எடுத்து, கொம்புகளும் ஓபோ என்ற குழல்களும் சேர்த்து, தேவாலயத்துக்காக மாற்றியிருக்கிறார். கம்பீரமாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ வெறும் தந்திகளே போதும்.