வீடு முழுவதற்கும் சர்ஜ் பாதுகாப்பு: கேட்டதும் சொன்னதும்

அக்டோபர் பிறந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஹைவெல்டு மேட்டுநிலத்தில் மதியம் வரை வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு மேல் கருமேகம் திரளும், அப்புறம் இடி. மார்ச் வரை இப்படித்தான். 22 வருடமாக ஜோகன்னஸ்பர்க்கிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். இந்த ஆறு மாதத்தில் என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒன்று கருகிப்போன பிறகு கூப்பிடுகிறவர்கள். அதனால்தான் இந்த முறை சீசன் தொடங்கும்போதே, சர்ஜ் என்கிற திடீர் வோல்டேஜ் எழுச்சியைப் பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்துவிட்டேன். கேளுங்கள்.

லெனேசியாவிலிருந்து ஓர் அக்கா: போன வாரம் அடித்த இடியில் டிவி, டிகோடர், கேட் மோட்டார் மூன்றும் போய்விட்டன. வீட்டுக்குள் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிபி போர்டில் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் இருக்கிறதே தம்பி, அது ஏன் காப்பாற்றவில்லை?

அக்கா, எர்த் லீக்கேஜ் இருப்பது உங்களைக் காப்பாற்ற, டிவியை அல்ல. உடம்பு வழியாகக் கரண்ட் எர்த்துக்குப் போனால், 30 மில்லி ஆம்பியரிலேயே கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிக்கும். பிரேக்கர்கள் வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். இரண்டுமே துண்டிப்பதற்குச் சில மில்லி செகண்டாவது எடுக்கும். மின்னலால் லைனில் வரும் சர்ஜ் மைக்ரோ செகண்ட் கணக்கில் உச்சத்துக்கு ஏறி இறங்கிவிடுகிறது. எர்த் லீக்கேஜ் துள்ளி இணைப்பைத் துண்டிக்கும்போது உங்கள் டிகோடர் ஏற்கெனவே செத்திருக்கும்.

இந்த வேலைக்கென்று இருப்பது எஸ்பிடி என்று நாங்கள் சொல்லும் சர்ஜ் அரெஸ்டர். உள்ளே துத்தநாக ஆக்சைடு வில்லை ஒன்று இருக்கும். சாதாரண வோல்டேஜில் அது கதவை மூடிக்கொண்டு சும்மா இருக்கும். வோல்டேஜ் எகிறினால் உடனே திறந்து, வந்த சக்தியை எர்த் பக்கம் தள்ளிவிட்டு, மறுபடி மூடிக்கொள்ளும். வீட்டுக் கரண்டை நிறுத்தாது. இது டிபி போர்டில், மெயின் சுவிட்சுக்கு அடுத்து, எர்த் லீக்கேஜுக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போட்டால் ஒவ்வொரு இடிக்கும் எர்த் லீக்கேஜ் துள்ளும். வெளியூர் போயிருக்கிற சமயம் ஃப்ரிட்ஜில் இருக்கிற மீன் அத்தனையும் நாறிப்போகும்.

மிட்ராண்டிலிருந்து ஒரு தம்பி: கடையில் டைப் 1, டைப் 2, டைப் 3 என்கிறார்கள். 20, 40, 65 கிலோ ஆம்பியர் என்று வேறு இருக்கிறது. பெரிய எண்ணை வாங்கினால் போதுமா அண்ணா?

போதாது. டைப் 1 என்பது நேரடி மின்னலின் ஒரு பங்கு கம்பி வழியே வந்தாலும் தாங்குவது. சோதனை அலையே வேறு: 10/350 மைக்ரோ செகண்ட், அதாவது நீண்ட நேரம் தள்ளும் அலை. டைப் 2-ஐ 8/20 அலையில், அதாவது சீக்கிரம் அடங்கும் அலையில் சோதிக்கிறார்கள். பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னலால் லைனில் ஏறும் சர்ஜுக்கு அது சரி. டைப் 3 டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் அருகில் பிளக் பாயிண்டில் போடும் சின்னது. அதை மட்டும் தனியாக நம்பக் கூடாது. முன்னால் டைப் 2 இருந்தால்தான் அதற்கு மரியாதை.

கூரைமேல் மின்னல் கம்பி இருக்கிற வீடு, மின்னலை வாங்க பக்கத்தில் மாஸ்ட் என்கிற உயரக் கம்பம் நட்ட புல் கூரை வீடு, தலைக்குமேல் போகும் லைனிலிருந்து சப்ளை எடுக்கும் ஒதுக்குப்புற வீடு என்றால் டைப் 1-ம் 2-ம் சேர்ந்தது வாங்குங்கள். டவுன்ஹவுஸ் காம்ப்ளெக்ஸில், நிலத்தடிக் கேபிளில் சப்ளை வருகிறவர்களுக்கு டைப் 2 போதும்.

கிலோ ஆம்பியர் எண் ஆயுளைச் சொல்கிறது, பாதுகாப்பின் தரத்தை அல்ல. 1930களில் பாசில் ஷோன்லண்ட் என்ற நம் நாட்டு விஞ்ஞானி, சுழலும் லென்ஸ் வைத்த கேமராவால் ஹைவெல்டு மின்னலைப் படம்பிடித்தார். நம் கண்ணுக்கு ஒரே வெட்டாகத் தெரிவதில் பல வெட்டுகள் அடுத்தடுத்து இறங்குவது அந்தப் படங்களில் தெரிந்தது. உங்கள் எஸ்பிடி தாங்க வேண்டியதும் அப்படித்தான், ஒரே மின்னலில் பல அடிகள். அதனால் ஹைவெல்டில் உச்ச அளவு 40 கிலோ ஆம்பியருக்குக் குறைந்து நான் போடுவதில்லை.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் வேறு. பெட்டியின் முகத்தில் யூபி என்று போட்டிருக்கும்: சர்ஜ் வரும்போது அது எத்தனை வோல்டுக்குள் பிடித்து நிறுத்தும் என்பது. சாதாரண வீட்டுச் சாதனங்கள் 2.5 கிலோ வோல்ட் வரை தாங்கும் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். மென்மையான எலக்ட்ரானிக்ஸுக்கு 1.5 தான். எனவே யூபி 1.5 அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். இன்னொன்று யூசி, அது நிரந்தரமாகத் தாங்கும் வோல்டேஜ். நம் சப்ளை 230 வோல்ட், பத்து சதவீதம் கூடினால் 253. 275 வோல்ட் யூசி கணக்குக்குச் சரிதான். ஆனால் வோல்டேஜ் அடிக்கடி எகிறுகிற தெருவில் 320 வாங்குவேன். யூபி கொஞ்சம் கூடும், ஆனால் ஒரே வருடத்தில் களைத்துப்போகாது.

அதே தம்பி: ஏற்கெனவே ஒருவர் போட்டுக் கொடுத்துவிட்டார். படம் அனுப்பியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா?

நல்ல சாதனம்தான். போட்ட விதம் தப்பு. போர்டின் மேல் மூலையில் எஸ்பிடி, கீழ் மூலையில் எர்த் வயர்கள் எல்லாம் வந்து சேரும் எர்த் பார். நடுவே பச்சை மஞ்சள் வயர் அழகாக மடித்து, சுற்றி வளைத்துப் போகிறது. பார்க்க நேர்த்தி, ஆனால் மின்னலுக்கு அந்த வளைவுதான் தடை. சர்ஜ் மைக்ரோ செகண்டுக்கு ஒரு கிலோ ஆம்பியர் வீதம் ஏறினாலே ஒரு மீட்டர் வயரில் சுமார் 1000 வோல்ட் நிற்கும். உங்கள் படத்தில் லைவ் பக்கமும் எர்த் பக்கமும் சேர்த்து ஒன்றரை மீட்டர் தேறும். எஸ்பிடி 1.4 கிலோ வோல்டில் பிடிக்கிறது, வயர் 1.5 சேர்க்கிறது, டிவிக்குப் போவது 2.9. வகுத்து வைத்த எல்லையைத் தாண்டிவிட்டது.

இரண்டு பக்கமும் சேர்த்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். எஸ்பிடியை எர்த் பாருக்குப் பக்கத்தில் இறக்கச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை. இந்த நாட்டில் நான் திறந்து பார்த்த போர்டுகளில் அதிகம் கண்ட தப்பு இதுதான், ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கும். காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு வயர் நீளத்தில் கரைந்துபோகிறது.

பிரிட்டோரியாவிலிருந்து ஒருவர்: எனக்கு ஃபைபர் இண்டர்நெட். செம்புக் கம்பியே இல்லையே, டிபி போர்டில் போட்டால் முடிந்ததா?

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, அது நிம்மதி. ஆனால் டிஷ்ஷிலிருந்து இறங்கும் கோஆக்ஸ்? வெளிக் கேமராவுக்குப் போகும் லேன் கேபிள்? கேட் இண்டர்காம்? வீட்டுக்குள் நுழைகிற ஒவ்வொரு செம்புக் கம்பியும் ஒரு வாசல்.

என் வீட்டிலேயே பட்டேன். 2009-ல், போன் லைன் வழியே இண்டர்நெட் வந்த ஏடிஎஸ்எல் காலம். டிபி போர்டில் நல்ல எஸ்பிடி போட்டிருந்தேன். போன் லைன் வீட்டின் எதிர்ச் சுவர் வழியாக உள்ளே வந்தது. ஒரு சாயங்காலம் இடி. எஸ்பிடி தன் வேலையைச் செய்தது, போர்டின் எர்த் வோல்டேஜும் சேர்ந்து மேலே ஏறியது. போன் லைன் மட்டும் தன் மட்டத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ரவுட்டர், அதில் செருகிய கம்ப்யூட்டர். இரண்டும் போயின, கூடவே மகள் பிறந்த வருடத்துப் படங்களும். சாதனம் சாவது வோல்டேஜ் உயர்வதால் மட்டும் அல்ல, அதற்குள் வரும் இரண்டு கம்பிகளுக்கு இடையே வித்தியாசம் வருவதால். இதை அன்று கற்றேன்.

அதனால் எல்லாக் கம்பிகளும் ஒரே இடத்தில் நுழைந்து, ஒரே எர்த் பாரில் கட்டப்பட வேண்டும். கோஆக்ஸுக்குத் தனி அரெஸ்டர் உண்டு. டிஷ்ஷுக்கு வாங்கும்போது அது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை கடத்துகிறதா, டிகோடர் டிஷ்ஷின் முன்னால் இருக்கிற எல்என்பி என்ற சிக்னல் வாங்கிக்கு அனுப்பும் 13, 18 வோல்டை விடுகிறதா என்று பாருங்கள். பழைய ஏரியலுக்கான அரெஸ்டரைப் போட்டால் சேனல்கள் காணாமல் போகும். அதன் எர்த் வயர் டிபி போர்டின் எர்த் பாருக்கே போக வேண்டும், குட்டையாக. கோஆக்ஸ் போர்டிலிருந்து வெகுதூரத்தில் நுழைகிறதென்றால், பிளக், கோஆக்ஸ், லேன் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வாங்கிக்கொள்ளும் சர்ஜ் பிளக்கை டிவி பின்னால் வையுங்கள். அந்த மூலைக்கு அதுவே பொது எர்த் ஆகிவிடும்.

பீனிக்ஸ், டர்பனிலிருந்து ஓர் ஐயா: எஸ்பிடிக்கென்று தோட்டத்தில் தனியாக எர்த் கம்பி அடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அடிக்கலாமா?

தனியாக நிற்கும் என்றால் வேண்டாம் ஐயா. மேலே சொன்ன அதே வித்தியாசத்தை நாமே காசு கொடுத்து உண்டாக்குகிற மாதிரி. கம்பி அடிப்பது தப்பில்லை. அடித்தால் வீட்டின் பிரதான எர்த்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கடல் பக்கமாக இருக்கிறீர்கள், உப்புக் காற்றில் இணைப்புகள் அரித்துப்போகும், வருடத்துக்கு ஒரு முறை திருகி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு எலெக்ட்ரிக் ஃபென்ஸ். அதன் எர்த் கம்பிகள் வீட்டு எர்த்திலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளித் தனியாகவே இருக்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர்: எங்கள் தெருவில் கேபிள் திருடிவிட்டார்கள். கரண்ட் திரும்பியபோது பல்புகள் பளீரென்று எரிந்து, பல வீடுகளில் எல்லாம் புகைந்துவிட்டது. எஸ்பிடி இருந்த வீட்டிலும்தான். அப்படியென்றால் எஸ்பிடி வீண்தானே?

வீண் இல்லை, ஆனால் இது அதன் எதிரி அல்ல. தெருவுக்கு மூன்று ஃபேஸ் வருகிறது, வீட்டுக்கு ஒன்று, நியூட்ரல் எல்லோருக்கும் பொது. அந்த நியூட்ரல் அறுந்தால் உங்கள் வீடும் எதிர் வீடும் இரண்டு ஃபேஸுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்கின்றன. யார் வீட்டில் லோடு குறைவோ அங்கே 400-ஐ நெருங்கும். இது மைக்ரோ செகண்ட் சமாசாரம் இல்லை, நிமிடக்கணக்கில் நிற்பது. எஸ்பிடி அதைத் தள்ளிவிடப் பார்த்துச் சூடாகி, தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும்.

இதற்கு ஓவர் அண்டர் வோல்டேஜ் ரிலே தனியாக வேண்டும், எஸ்பிடிக்குப் பின்னால். 265 வோல்டுக்கு மேல் போனாலோ 190-க்குக் கீழே வந்தாலோ வீட்டைத் துண்டிக்கும்படி வைப்பேன். திரும்பச் சேர்க்க 3 நிமிடத் தாமதம் வையுங்கள், ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் பிழைக்கும். 2023-ல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்தபோது இந்த ரிலே போட்ட வீடுகளிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததே அபூர்வம். கேபிள் திருட்டு நடக்கிற தெருவில் கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், எஸ்பிடியை விட்டு முதலில் ரிலேயை வாங்குங்கள் என்பேன்.

ரிலே இல்லாத வீட்டில் பல்புகள் திடீரென்று பளீரென்றோ மங்கியோ எரிந்தால் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தங்கை: கூரையில் சோலார் இருக்கிறது. இன்வெர்ட்டருக்கு ஒரே எஸ்பிடி போதுமா அண்ணா?

இரண்டு பக்கமும் வேண்டும் அம்மா. பேனலிலிருந்து வரும் டிசி பக்கத்துக்கு டிசி எஸ்பிடி, உங்கள் பேனல் வரிசையின் உச்ச வோல்டேஜுக்கு மேல் இருக்கிற மாதிரி, 600 அல்லது 1000 வோல்ட். ஏசிக்கானதை அங்கே மாட்டக் கூடாது. டிசியில் பொறி தானாக அணையாது, தீப்பிடிக்கும். பேனல் சட்டங்களும் எர்த்தில் சேர்ந்திருக்கின்றனவா என்று கேளுங்கள்.

டொங்காட்டிலிருந்து ஒரு கோவில் கமிட்டி உறுப்பினர்: காவடி நேரத்தில் ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது. கோபுரக் கலசமே இடிதாங்கிதானே, அப்புறம் எப்படி?

கலசம் உயரத்தில் இருக்கும் உலோகம், மின்னல் அதைத் தேடி வரலாம். வந்த மின்னலைத் தரைக்குக் கொண்டுபோக அதிலிருந்து கனமான கம்பி நேராக இறங்கி எர்த்தில் முடிய வேண்டும். அந்தக் கம்பி இல்லாத கலசம் கோபுரத்தைக் காக்காது, சுதை பிளந்துவிடும். சான்ஸ் 62305 என்ற தென்னாப்பிரிக்கத் தரநிலைப்படி மின்னல் பாதுகாப்பு வடிவமைக்கிறவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அதன் பிறகு மெயின் போர்டில் டைப் 1. மைதானத்துக்கு நீளமாக இழுக்கும் ஸ்பீக்கர் வயர்களை விழா முடிந்த அன்றே கழற்றுங்கள். உங்கள் ஆம்ப்ளிஃபையர் அந்த வழியாகத்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

சாண்டனிலிருந்து: வாடகை ஃபிளாட். போர்டைத் தொட விடமாட்டார்கள்.

சர்ஜ் பிளக் வையுங்கள், வானம் கறுக்கும்போதே டிவியையும் ரவுட்டரையும் கழற்றுங்கள். இடி தலைக்குமேல் வந்தபின் பிளக்கில் கை வைக்காதீர்கள்.

பெனோனியிலிருந்து ஒருவர்: நானே மாட்டிக்கொள்ளலாமா? மாட்டியபின் எத்தனை வருடம் வரும்?

மாட்டாதீர்கள். நிலையான வயரிங்கில் கைவைத்தால் சான்ஸ் 10142-1 படி சோதித்து, பதிவு பெற்றவர் சிஓசி என்ற வயரிங் தகுதிச் சான்றிதழ் தர வேண்டும். வீட்டை விற்கும்போது இரண்டு வருடத்துக்குள் எடுத்த சிஓசி கேட்பார்கள். உங்களுடையது மூன்று ஃபேஸ் என்றால் ஒற்றை ஃபேஸுக்கு மட்டும் பதிவு பெற்ற டெஸ்டர் கையெழுத்து செல்லாது, அவருடைய பதிவு அட்டையை வாங்கிப் பாருங்கள்.

ஆயுளுக்கு வருடக் கணக்குக் கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் வில்லை கொஞ்சம் களைக்கும். முகத்தில் சின்ன ஜன்னல் இருக்கும், பெரும்பாலும் பச்சை, செத்தால் சிவப்பு. சிவப்பானாலும் வீட்டில் கரண்ட் எப்போதும்போல ஓடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. கழற்றி மாட்டும் கேட்ரிட்ஜ் உள்ள வகையாக வாங்குங்கள், அடிப்பெட்டியை அப்படியே விட்டுவிட்டு அதை மட்டும் மாற்றலாம். மீட்டரில் ப்ரீபெய்ட் கரண்ட் டோக்கன் எண்ணை அடிக்கப் போகும்போதெல்லாம் போர்டைத் திறந்து அந்த ஜன்னலை ஒரு பார்வை பாருங்கள்.