வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டை விற்றால் பணம் எப்படி வந்து சேரும்? கேள்வி பதில்

விற்பவர் ஒரு நாட்டில், வீடு இன்னொரு நாட்டில். கையெழுத்து முடிந்தாலும் பணம் கைக்கு வரும்வரை நிம்மதி இல்லை. வங்கியில் வெளிநாட்டுப் பணப் பிரிவில் இருந்தவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

விற்ற பணத்தை எனக்கு அனுப்பப்போகும் வக்கீலுக்கு என் வங்கிக் கணக்கு விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் போதுமா சார்?

போதாது. நான் அதிகம் பயப்படுவது இந்த இடத்தில்தான். திருடர்கள் யாராவது ஒருவருடைய மின்னஞ்சலுக்குள் புகுந்து, ஒன்றும் செய்யாமல் வாரக்கணக்கில் படித்துக்கொண்டே இருப்பார்கள். கிரய நாள் நெருங்கியதும் "என் கணக்கு மாறிவிட்டது, இதில் போடுங்கள்" என்று உங்கள் பெயரிலேயே வக்கீலுக்குக் கடிதம் போகும். அவரும் நம்பி அனுப்பிவிடுவார்.

அதனால் ஆரம்பத்திலேயே வங்கி அறிக்கையின் நகலைக் கொடுத்து, வீடியோ அழைப்பில் எண்ணை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்கள். இதற்குப் பிறகு கணக்கை மாற்றச் சொல்லி எது வந்தாலும், முதலிலிருந்தே கையில் இருக்கும் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்திலேயே இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடக் கூடாது. முதலில் சிறு தொகை அனுப்பி, வந்ததை நீங்கள் வாயால் சொன்ன பிறகு மீதி போகட்டும். தப்பு நடந்துவிட்டால் அந்த மணி நேரமே அனுப்பிய வங்கியைக் கூப்பிடச் சொல்லுங்கள். எதிர்முனையில் பணத்தை எடுத்துவிட்டால் மீட்பது மிகவும் கஷ்டம்.

ஐபான் எண்ணில் ஒரு இலக்கம் தப்பாகிவிட்டால்?

ஐபான் என்பது நாடு கடந்து பணம் அனுப்பப் பயன்படும் வங்கிக் கணக்கு எண். அதில் நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்த 2 இலக்கங்கள் சரிபார்ப்புக்காகவே இருப்பவை. ஒரு இலக்கம் பிசகினால் அனுப்பும்போதே தெரிந்துவிடும். ஆனால் கணக்கு யாருடையது என்று அது சொல்லாது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா நாடுகளில் ஐபான் கிடையாது. அங்கே எந்த வங்கி என்று காட்டும் ஸ்விஃப்ட் குறியீடும் (8 அல்லது 11 எழுத்து) கணக்கு எண்ணும் வேண்டும்.

பத்திரத்தில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. வங்கியில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி நிற்கிறது.

நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பணம் வழியில் நின்ற பிறகு ஓடினால் நாட்கள் போய்விடும்.

மகன் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாமா?

வேண்டாம். விற்றவர் பெயரில் இல்லாத கணக்கு என்றாலே கருப்புப் பண விதிகளின்படி கேள்வி வரும். உங்கள் கணக்குக்கு வரட்டும், அப்புறம் மகனுக்குக் கொடுங்கள்.

அனுப்பியதைவிடக் குறைவாக வந்திருக்கிறதே?

இடையில் இருக்கும் வங்கிகள் தங்கள் கட்டணத்தை எடுத்திருக்கும். கட்டணம் முழுவதும் அனுப்புபவர் பொறுப்பு என்று முன்பே குறிப்பிட்டால் இது பெரும்பாலும் தவிரும். ஆனால் பெரிய இழப்பு மாற்று விகிதத்தில்தான். சந்தை விகிதத்திலிருந்து 1 சதவீதம் தள்ளிப்போனாலும், வீட்டு விலைக்கு அது எந்தக் கட்டணத்தையும்விடப் பெரிது. எந்த வங்கி, எந்த விகிதத்தில் மாற்றப்போகிறது என்று முதலிலேயே கேளுங்கள்.

வரி?

முதலில் வருவது வீடு இருக்கும் நாட்டுச் சட்டம். அமெரிக்காவில் வெளிநாட்டவர் விற்றால் வாங்குபவர் பொதுவாக 15 சதவீதம் பிடிப்பார். ஆஸ்திரேலியாவிலும் 2025 ஜனவரி 1 முதல் 15 சதவீதம். கவனியுங்கள், இது லாபத்தில் அல்ல, விலையில். வரிக் கணக்குத் தாக்கல் செய்து, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். பிடித்தத்தைக் குறைக்க விண்ணப்பிப்பதாக இருந்தால் கிரயத்துக்கு முன்பே செய்ய வேண்டும். இந்தியாவில் என்ஆர்ஓ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் வாழ்பவர் இந்திய வருமானத்துக்காக வைக்கும் ரூபாய்க் கணக்கு) ஒரு நிதியாண்டுக்குப் பொதுவாக 10 லட்சம் அமெரிக்க டாலர்வரைதான் வெளியே போகும்.

நாலு நாளாகிறது, பணம் வரவில்லை அண்ணா. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. அனுப்பிய வங்கியிடம் யூஇடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பரிமாற்றத்துக்கு மட்டுமே உரிய அடையாள எண்ணைக் கேளுங்கள், 36 எழுத்து இருக்கும். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று அதை வைத்துத் தேடலாம். பெரும்பாலும் உங்கள் வங்கியே, இது எங்கிருந்து வந்த பணம் என்று பார்ப்பதற்காக நிறுத்தி வைத்திருக்கும். கிரயப் பத்திர நகல், வரி ரசீது இரண்டையும் இன்றே அங்கே கொடுத்துவிடுங்கள்.